படத்துப் பாட்டு இல்லாத சாயங்காலங்கள்

"எந்தப் படம்டா இது?" என்பதுதான் எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பாட்டுக்கும் முதல் கேள்வி. "படம் இல்லம்மா, இவங்களே எழுதி இவங்களே போட்டது" என்று சொன்னால் அம்மாவுக்கு அடுத்த சந்தேகம் வந்துவிடும். "அப்போ யாரு காசு குடுப்பா?"

சினிமாவுக்கு வெளியே தானாக உருவாகிற இந்த இண்டி இசையைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. தமிழ்நாட்டில் பாட்டு என்றால் சினிமா. கல்யாண வீடு, டீக்கடை, ஷேர் ஆட்டோ, கோயில் திருவிழா லைட் மியூசிக் என்று காது போகிற இடமெல்லாம் படத்துப் பாட்டுதான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இளையராஜா கேட்டு வளர்ந்த காதுதான் என்னுடையதும். ஆனால் ஹீரோவுக்காகவும் சிச்சுவேஷனுக்காகவும் இல்லாமல், தன் தெருவைப் பற்றியோ தன் பாட்டியைப் பற்றியோ ஒருத்தர் தானாக எழுதிப் பாடுகிற பாட்டு இந்தச் சென்னையில் எங்கே இருக்கிறது? சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு மேடையில் இருக்கிறது. யூடியூபில் ஏறுவது அதில் கொஞ்சம்தான். பல பாட்டுகள் பதிவே ஆவதில்லை. குழு கலைந்தால் பாட்டும் அதோடு போச்சு. அதனால்தான் போஸ்டர் கண்ணில் பட்டவுடன் டிக்கெட் எடுத்துவிடுகிறேன். சம்பளம் வந்த வாரமா, மாசக் கடைசியா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

ஒரு காலத்தில் மெட்ராஸில் பேண்டு என்றால் இங்கிலீஷ்தான். ஐஐடியில் ஜனவரி மாதம் நடக்கும் சாரங் விழாவின் ராக் ஷோ (தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை அந்த விழாவுக்கே மார்டி கிரா என்றுதான் பெயர்), அடையாறு அன்வைண்ட் சென்டர் நடத்திய ஜூன் ராக் அவுட் விழா. குழுக்கள் என்றால் ஜங்க்யார்டு குரூவ், ஸ்க்ராட், பிறகு எஃப்16ஸ். எல்லாமே நல்ல குழுக்கள். ஸ்க்ராட் பாட்டுகள் இன்றைக்கும் என் போனில் உண்டு. ஆனால் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். மேடையில் இரண்டு மணி நேரம் இங்கிலீஷில் பாடிவிட்டு, இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்ததும், "மச்சான், மானிட்டர்ல ஒண்ணுமே கேக்கலடா" என்பார்கள். கோபம் வருகிற மொழியில் பாட்டு வரவில்லையே என்று தோன்றும்.

2008-ல் திருவனந்தபுரத்துக் குழுவான அவியலின் ஆல்பம் வந்தது. முழுக்க மலையாளம், முழுக்க ராக். அதைக் கேட்டுவிட்டு, "நாம ஏன்டா இத தமிழ்ல பண்ணல" என்று எங்கள் கூட்டத்தில் புலம்பாத ஆள் கிடையாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இங்கேயும் வந்தது. நாட்டுப்புறப் பாட்டை எடுத்துக்கொண்டு லா பொங்கல் வந்தது. ஷான் ரோல்டன் தன் நண்பர்களோடு ஒரு குழு வைத்திருந்தார். (பெயரைப் பார்த்து வெளிநாட்டுக்காரர் என்று நினைத்தவர்கள் உண்டு. சாண்டில்யனின் பேரன் அவர்.) கபேர் வாசுகி ஒரு கிதாரோடு வந்து, பக்கத்து வீட்டுப் பையன் பேசுகிற தமிழில் பாடினார். அவரும் டென்மாவும் சேர்ந்து குரங்கன் என்று ஒரு குழு வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டவுடனேயே எனக்குப் பிடித்துவிட்டது.

இப்போது இந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஷான் ரோல்டன் சினிமா இசையமைப்பாளர். லா பொங்கலில் இருந்த தர்புகா சிவாவும் இசையமைப்பாளர். அதே குழுவில் பாடிய அந்தோணி தாசனும் பிரதீப் குமாரும் இன்று யாருக்கும் அறிமுகம் தேவைப்படாத சினிமாப் பாடகர்கள். அம்மா கேட்ட கேள்விக்கு வாழ்க்கை சொன்ன பதில் அது. வீட்டு வாடகை கட்டியாக வேண்டிய ஒரு கலைஞனைப் பார்த்து 'சினிமாவுக்குப் போய்விட்டாயே' என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. எனக்கு இருக்கிற குறை வேறு. ஆட்கள் மேலே போகிறார்கள், குழு காணாமல் போகிறது. நாலைந்து பேர் ஒரு ரூமில் மாசக்கணக்கில் சண்டை போட்டு உருவாக்கிய ஒரு சத்தம் இருக்கிறதே, அது அந்த நாலைந்து பேரும் ஒன்றாக நிற்கிற வரைக்கும்தான். பிறகு அவர்களில் ஒருவரின் குரலைத் தியேட்டரில் கேட்கும்போது, பழைய கிளாஸ்மேட்டை டிவியில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம் வரும். அவ்வளவுதான்.

பெங்களூரில் இருக்கும் நண்பன் போனில் எப்போதும் சீண்டுவான்: "வெள்ளிக்கிழமை ஆனா இங்க நாலு இடத்துல லைவ் ஷோ இருக்கு, உங்க ஊர்ல என்னடா இருக்கு?" அவன் சொல்வது உண்மை. காரணம் நம் ரசனைக் குறைவு என்று அவன் நினைப்பதுதான் தப்பு. பெங்களூரில் பப்தான் சின்னக் குழுக்களை வளர்க்கிறது. பியர் விற்ற காசில் டிரம்ஸ்காரருக்குச் சம்பளம் வரும். தமிழ்நாட்டில் தனியார் பார் என்றால் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டலோடோ கிளப்போடோ ஒட்டியதுதான். தெருமுனையில் ஒரு பப் திறந்து மூலையில் குட்டி மேடை போடுகிற ஏற்பாடு இங்கே கிடையாது. சபாக்கள் உண்டு, அவை டிசம்பர் கர்நாடகக் கச்சேரிகளுக்கும் நாடகத்துக்கும் பழகியவை. அதனால் சென்னை இண்டிக்கு என்று சொந்த வீடு கிடையாது. ஒரு வாரம் எழும்பூர் மியூசியம் தியேட்டர், அடுத்த வாரம் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடி, பிறகு ஒரு கஃபேயின் பின்கட்டு, ஒரு பள்ளிக்கூட மைதானம், ஒரு மாலின் நடுக்கூடம்.

இதை ஒரு குறையாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரே குழுவை வேறு வேறு இடத்தில் கேட்கக் கேட்க, இந்த அலைச்சல்தான் இந்த இசைக்கு ருசி கொடுக்கிறதோ என்று தோன்றுகிறது. மியூசியம் தியேட்டர் 1896-ல் கட்டியது. மைக் இல்லாத காலத்தில் நாடகம் போடக் கட்டிய இடம். அங்கே ஒருவர் தொண்டையைக் கனைத்தாலே கடைசி வரிசைக்குக் கேட்கும். மெதுவாகப் பாடுகிறவர்களுக்கு அது சொர்க்கம்; முழு டிரம் செட்டோடு வந்தால் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து எல்லாம் குழம்பிவிடும். மொட்டை மாடியில் நேர் எதிர். அங்கே சத்தம் நிற்காது, காற்றோடு போய்விடும். பாடகர் கொஞ்சம் கத்திப் பாடுவார். அந்தக் கத்தலில் பாட்டுக்கே வேறு ஒரு கோபம் வந்து சேரும்.

டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. சின்னக் கச்சேரிகளில் 499 ரூபாய் என்ற விலையை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். செருப்புக் கடைக் கணக்கு என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு அமைப்பாளர் விளக்கினார்: இசை நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது, அதைத் தாண்டினால் உண்டு. அந்த 499-க்குள்தான் ஹால் வாடகை, சவுண்டு, லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் அடங்க வேண்டும். மிச்சம் இருந்தால் பாடியவர்களுக்கு. பெரும்பாலும் பிரியாணிக்குத்தான் மிஞ்சும்.

இலவசமாகப் போய்ப் பார்த்த ஒரு ராத்திரியைத்தான் ஆனால் யார் கேட்டாலும் முதலில் சொல்வேன். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் மேடை. பெயர் வந்த வழி சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர். சாதி பேதமற்ற தமிழர்கள் என்று அவர் எழுதியதிலிருந்து. மேடையில் பத்தொன்பது பேர், எல்லாரும் கோட்டு சூட்டில். கானாக்காரரைக் கோட்டு சூட்டில் பார்த்தவுடன் கூட்டத்தில் எழுந்த விசில் இருக்கிறதே, பாட்டு ஆரம்பிக்கும் முன்னாலேயே பாதிச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

வடசென்னையில் சாவு வீட்டு வாசலில் பாடிப் பாடி வளர்ந்த கானா, ராப், எலெக்ட்ரிக் கிதார் மூன்றும் ஒரே மேடையில். சட்டி, டோலக், கட்டமோளம், பறை ஒரு பக்கம். டிரம் செட் இன்னொரு பக்கம். இத்தனை தோல் வாத்தியங்களையும் ஒரே ஸ்பீக்கரில் பிரித்துக் கேட்க வைப்பது சவுண்டு எஞ்சினியருக்குப் பெரிய சோதனை. பறையைக் கூட்டினால் டிரம்ஸ் காணாமல் போகும், டிரம்ஸைக் கூட்டினால் டோலக் காணாமல் போகும். அன்றைக்கு எல்லாம் துல்லியமாகக் கேட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இசைவாணி மைக்கைப் பிடித்தபோது எனக்கு முன்னால் நின்றிருந்த ஒரு அக்கா தன் பெண் குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் குரல் எவ்வளவு அபூர்வம் என்று அந்த அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2020-ல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி பெயர் வந்தது. அறிவு அந்த மேடையில் ராப் பாடினார். மூன்று வருஷம் கழித்து 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டால் அவர் யார் என்று உலகத்துக்கே தெரிந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் இவ்வளவு கொண்டாட்டமாகப் பாட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எந்தப் படத்திலும் அதற்குச் சிச்சுவேஷன் எழுத மாட்டார்கள்.

பறை என்றதும் இன்னொன்று. ஒரு மாலில் நடந்த இண்டி நிகழ்ச்சி. எந்த மால் என்பது வேண்டாம். மேடைக்குப் பின்னால் பார்க்கிங்கில் பறைக்கலைஞர்கள் வாத்தியத்தைக் காய்ச்ச இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். சென்னை ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த பறையில் 'டம்' வராது, 'தொப்' என்றுதான் வரும். கொஞ்சம் காகிதத்தைக் கொளுத்தி, மேலே வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். ஒரே இடத்தில் சூடு பட்டால் தோல் வெடித்துவிடும் என்பதால் கை நிற்கவே கூடாது. நடுநடுவே விரலால் ஓரத்தில் ஒரு தட்டு, காதருகே வைத்து ஒரு கேள்வி, மறுபடி சுற்றல். காகிதம் பற்றியதுதான் தாமதம், செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார். நெருப்பு கூடாது, அலாரம் அடிக்கும், மேனேஜர் திட்டுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருந்தவர்களில் மூத்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேடையோரம் நின்ற பெரிய போகஸ் லைட்டுக்கு முன்னால் போய்ப் பறையைப் பிடித்துக்கொண்டார். பழைய காலத்து ஹாலோஜன் விளக்கு, நல்ல சூடு. "எல்இடி வெச்சிருந்தா இன்னைக்கு நாம அவுட்டு தம்பி" என்று என்னிடம் சொன்னார். இடது கையில் மெல்லிசான சிண்டுக்குச்சி, வலது கையில் தடித்த அடிக்குச்சி, ஒரு முறை தட்டிப் பார்த்தார். பார்க்கிங் முழுக்க எதிரொலித்தது. ஷாப்பிங் பையோடு லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு குடும்பம் அப்படியே மேடைப் பக்கம் திரும்பி வந்துவிட்டது. இப்போதெல்லாம் பலர் ஃபைபர் தோல் போட்ட பறை கொண்டு வருகிறார்கள். காய்ச்ச வேண்டாம், வசதி. சத்தம் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இடம் மாறினால் கேட்பவர்களும் மாற வேண்டியிருக்கிறது என்பதை நான் நேரில் கண்டது பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பத்தில். 2015-ல் கர்நாடகப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து ஆரம்பித்த விழா. பிற்பாடு சென்னை கலைத் தெரு விழா என்று பெயர் மாறியது. கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், வில்லுப்பாட்டு, பறை எல்லாம் ஒரே மணலில். குப்பத்துக்குச் சங்கீதத்தைக் கொண்டு போய்க் கொடுக்க இவர்கள் யார் என்ற விமர்சனம் அப்போதே வந்தது; அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில் அதிகம் கஷ்டப்பட்டது சபாவிலிருந்து வந்தவர்கள்தான். ஆலாபனை நடக்கும்போது குழந்தைகள் குறுக்கே ஓடும், மைக்கில் கடல்காற்று புஸ்ஸென்று அடிக்கும், பக்கத்தில் வலையை மடிக்கிற சத்தம். முதல் பத்து நிமிஷம் முகத்தைச் சுளித்த ஒரு பெரியவர், அரை மணி நேரம் கழித்து செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தொடர்பிலிருந்துதான் 2017-ல் சென்னை பொறம்போக்குப் பாடல் வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டுவதைப் பற்றி, சென்னைப் பேச்சுத் தமிழில் கபேர் வாசுகி எழுதி, கிருஷ்ணா ராகமாலிகையாகப் பாடியது. இண்டிக்காரர் வரி, சபாக்காரர் குரல். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தவித்தார்கள். எனக்கு அந்தத் தவிப்பே பிடித்திருந்தது.

மார்கழி வந்தால் என் திட்டம் இன்னும் குழப்பம். 2020-ல் நீலம் ஆரம்பித்த மார்கழியில் மக்களிசை, சபா சீசன் நடக்கிற அதே டிசம்பரில் கானாவையும் ஒப்பாரியையும் பறையையும் மேடையேற்றியது. ஒப்பாரி முடிந்ததும் கைதட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்கே புரியாத ஒரு நொடியை நான் அங்கே பார்த்தேன். பாடிய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தட்டுங்கப்பா, நல்லாதான பாடுனேன்" என்றார். அதற்கப்புறம் விழுந்த கைதட்டலுக்கு அளவே இல்லை. காலையில் சபா கேன்டீனில் டிபன், ராத்திரி இந்தக் கூட்டம் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. கேன்டீன் விஷயத்தில் இண்டிக்காரர்கள் சபாக்களிடம் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டும். நனைந்த பர்கருக்கு 250 ரூபாய் கொடுத்தவன் சொல்கிறேன்.

பெரிய விழாக்கள் பற்றிச் சிலர் கேட்பார்கள். புனேயில் 2010-ல் தொடங்கிய என்ஹெச்7 வீக்எண்டர் மாதிரி பல மேடை வைத்து இங்கேயும் ஒன்று வேண்டும் என்று. வேண்டும்தான். ஒரு மேடையில் பிடிக்கவில்லையென்றால் எழுந்து நடந்து, வழியில் பெயரே கேள்விப்படாத ஒரு குழுவிடம் மாட்டிக்கொள்கிற சுகம் தனி. ஆனால் அப்படி ஒன்று நமக்கு ஏற்கெனவே இருக்கிறது; டிக்கெட் இல்லாததால் யாரும் அதை ஃபெஸ்டிவல் என்று சொல்வதில்லை. 2007-ல் தொடங்கி, சில வருஷம் நடந்து, நின்று போய், 2023 பொங்கலுக்குத் திரும்பி வந்த சென்னை சங்கமம். ஒரு பூங்காவில் நையாண்டி மேளம், இன்னொரு திடலில் தேவராட்டம், ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். அந்த மேடைகளில் இண்டிக் குழுக்களுக்கும் இன்னும் நாலு இடம் கொடுத்தால் எனக்கு வேறு எந்த விழாவும் வேண்டாம். முன்னால் சோபா போட்டு விஐபிக்கு ஒதுக்குகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். சோபாக்காரர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் பாடுகிறவர் காலி சோபாவைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். திறந்த வெளியில் ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது 2000-ல் வந்த ஒலி மாசு விதி. சிறப்பு அனுமதி வாங்கினால் ஒழிய அதற்கு மேல் இழுக்க முடியாது. ஆறரைக்கு என்று போட்டு ஏழரைக்கு ஆரம்பித்தால், வெட்டு விழுவது கடைசியில் பாடும் பெரிய குழுவுக்கு இல்லை, முதலில் பாடுகிற சின்னக் குழுவுக்கு. நாலு பாட்டு இரண்டாகும். காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்காதீர்கள். சவுண்டு மிக்ஸர் மேஜைக்குப் பின்னால் நிற்பதுதான் நல்லது. எஞ்சினியர் தன் காதுக்குச் சரி செய்வது உங்களுக்கும் சேர்த்துத்தான். மெட்ரோ 11 மணி வரை ஓடும். ஈசிஆர் பக்கம் என்றால் திரும்பி வர வண்டி ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதல் குழுவுக்கு வந்துவிடுங்கள். போன மாதம் ஒரு கஃபேயில் காலேஜ் பையன்கள் நாலு பேர் முதலில் பாடினார்கள். கேட்க இருந்தவர்களில் பாதிப் பேர் அவர்களுடைய ஹாஸ்டல்காரர்கள். பேஸ் கிதாரின் ஒயர் நடுவில் கழன்றது; மாட்டுகிற வரைக்கும் பாடகன் வேளச்சேரி வெள்ளத்தைப் பற்றி ஒரு கதை சொன்னான், அந்தக் கதையே அடுத்த பாட்டாக மாறியது. முடிந்ததும் போய், இது எங்கே கேட்கக் கிடைக்கும் என்று கேட்டேன். "இன்னும் ரெக்கார்ட் பண்ணலண்ணா, செமஸ்டர் முடியட்டும்" என்றான். அடுத்த ஷோ மூன்றாம் சனிக்கிழமை, தரமணிப் பக்கம். இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஒன்று அம்மாவுக்கு, காசு யார் கொடுக்கிறார்கள் என்று நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.